ரெசொலூட் – கிரீஸ் ஃபியோர்ட்: 1,350 கிலோமீட்டரா, 385 கிலோமீட்டரா?

வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில் உள்ள 25 ஊர்களில் எந்த ஊரையும் மற்றோர் ஊருடன் சாலை இணைக்கவில்லை என்றும், போக்குவரத்து முழுவதும் விமானத்தையும் கோடைக்காலக் கப்பலையும் நம்பியே நடக்கிறது என்றும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தூரம் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஐயா, கனடாவின் வடகோடியில் உள்ள ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்ட் என்னும் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொண்டு, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கின்படி தூரம் பார்த்தேன், ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் வந்தது. என் பேரன் கைப்பேசியில் பார்த்துவிட்டு 385 என்கிறான். வேறோர் இடத்தில் 239 என்றும், இன்னோர் இடத்தில் 208 என்றும் இருக்கிறது. இந்த நான்கில் எது சரி? நான் எங்கே தவறினேன்?

பதில்: தங்கள் பேரன் சொன்னதே சரி. இரண்டு ஊர்களின் விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 385 கிலோமீட்டர். 239, 208 என்னும் எண்களும் தவறானவை அல்ல. முதலாவது அதே தூரத்தை நிலமைலிலும், இரண்டாவது கடல் மைலிலும் சொல்கின்றன. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 208-ஐ அதனால் பெருக்கினால் 385 வந்துவிடும். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில் பேசுபவர்கள். அலகைக் குறிப்பிடாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிவைப்பவர்களால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

தாங்கள் தவறியது ஒரே ஓர் இடத்தில். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பது அட்சரேகைக் கணக்கில், அதாவது தெற்கு வடக்காகப் போகும்போது, உலகத்தின் எந்த மூலையிலும் ஏறக்குறையப் பொருந்தும். தீர்க்கரேகைக் கணக்கில், அதாவது கிழக்கு மேற்காகப் போகும்போது, அது நிலநடுக்கோட்டில் மட்டுமே பொருந்தும். ஒரு சாத்துக்குடியை உரித்துச் சுளைகளைப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். நடுவில் விரல் அகலம் இருக்கும் சுளை, காம்பை நெருங்க நெருங்க ஒடுங்கி, கடைசியில் எல்லாச் சுளைகளும் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. தீர்க்கரேகைகளும் அப்படித்தான் துருவத்தில் போய்க் கூடுகின்றன. நம் ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த ஒடுக்கம் நமக்குத் தெரிவதில்லை. சென்னையின் அட்சரேகையில் ஒரு தீர்க்கப்பாகை 108 கிலோமீட்டருக்கும் அதிகம். அதனால் நம் வட்டாரத்துக்குள் அந்தப் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் பெரிய பிழையில் மாட்டிக்கொண்டதில்லை.

இப்போது தங்கள் கணக்கையே திருத்திப் போட்டுப் பார்ப்போம். ரெசொலூட் விமான நிலையம் வட அட்சம் 74.72 பாகையிலும் மேற்குத் தீர்க்கம் 94.97 பாகையிலும் இருக்கிறது. கிரீஸ் ஃபியோர்ட் விமான நிலையம் 76.43, 82.91 பாகைகளில் இருக்கிறது. தெற்கு வடக்கு வேறுபாடு 1.71 பாகை, அதற்கு 191 கிலோமீட்டர். இதில் தங்களுக்கும் எனக்கும் வழக்கு இல்லை. கிழக்கு மேற்கு வேறுபாடு 12.06 பாகை, இதைத் தாங்கள் 111-ஆல் பெருக்கியதால்தான் 1,339 கிலோமீட்டர் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகை ஏறத்தாழ 75.6 பாகை, அதன் கோசைன் மதிப்பு 0.25-க்கு மிக அருகில் இருப்பதால், அங்கே ஒரு தீர்க்கப்பாகையின் நீளம் 28 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. ஆக 12.06 பாகைக்குக் கிடைப்பது 335 கிலோமீட்டர்தான். 335-இன் வர்க்கத்தையும் 191-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 386 வருகிறது. மீதமுள்ள ஒரு கிலோமீட்டர், தீர்க்கரேகைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருப்பதைத் தட்டையான முக்கோணம் கணக்கில் கொள்ளாததால் வந்தது. கோள வடிவக் கணிதத்தால் போட்டால் அதுவும் சரியாகிவிடும்.

உலகப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே ஏமாற்றந்தான் கிடைக்கும். வகுப்பறைச் சுவர்களில் பல காலமாகத் தொங்கிய படம், மெர்கேட்டர் 1569-இல் கப்பலோட்டிகளுக்காக வகுத்த முறையைச் சேர்ந்தது. திசைகள் மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அந்த முறையில் வடக்கே போகப் போக நிலம் இழுத்துப் பெரிதாக்கப்படுகிறது. இந்த இரண்டு ஊர்களின் அட்சரேகையில் அந்த இழுப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. என் மேசையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலைப் பிடித்துப் பார்த்தேன். 9 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தின் அகலம். தூரம் பார்ப்பதற்கு உருண்டையும் நூலும் போதும். தட்டைப் படத்தை நான் நம்புவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அதைப்பற்றித்தான் வரும். சில இடங்களில் 385 என்பதற்குப் பதிலாக 381 அல்லது 383 என்று இருக்கும். பூமியைச் சரியான கோளமாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால் 383 கிலோமீட்டர் வரும். பூமி உண்மையில் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கிறது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு, வளைவு குறைந்தால் ஒரு பாகையின் நீளம் கூடும். நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டராக இருக்கும் ஓர் அட்சப்பாகை துருவத்தருகே 111.7 ஆகிறது. அந்த வேறுபாடு இங்கே இரண்டு கிலோமீட்டராக வெளிப்படுகிறது. அதோடு, ரெசொலூட் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. ஊரிலிருந்து நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அப்பால் இருக்கிறது. எனவே ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தவருக்கும், ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு அளந்தவருக்கும் விடை சற்று மாறும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): விமானம் இந்தத் தூரத்தை நேர்கோட்டில்தான் கடக்கிறதா? வடதுருவத்துக்கு அவ்வளவு அருகில் திசைகாட்டி வேலை செய்யுமா?

பதில்: நேர்கோடு என்பது இங்கே பெருவட்டத்தின் ஒரு துண்டு; உருண்டை மேல் இழுத்துப் பிடித்த நூல் கிடக்கும் வழி. அந்த வழியில் கார்ன்வாலிஸ் தீவில் உள்ள ரெசொலூட்டிலிருந்து புறப்படும் விமானம், வெலிங்டன் கால்வாய் என்னும் கடற்பகுதியைக் கடந்து, டெவன் தீவின் மேலாகச் சென்று, ஜோன்ஸ் நீரிணையைத் தாண்டி, எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் உள்ள கிரீஸ் ஃபியோர்ட்டை அடைகிறது. டெவன் தீவு 55,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகப் பரப்புள்ளது. ஆனால் அங்கே நிலையாக வாழ்பவர் ஒருவரும் இல்லை. உலகில் மனிதர் குடியிராத தீவுகளில் அதுவே மிகப் பெரியது. விண்கல் மோதியதால் உண்டான ஹாட்டன் பள்ளம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. செவ்வாய்க் கோளின் தரையை ஒத்திருப்பதால் விண்வெளி ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே கருவிகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நான் கணக்கிட்ட அளவில், நேர்வழியிலிருந்து அந்தப் பள்ளத்தின் நடுப்புள்ளி 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

இந்த வழியின் வேடிக்கை திசையில் இருக்கிறது. ரெசொலூட்டில் புறப்படும்போது மெய்யான வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக ஏறத்தாழ 55 பாகையில் விமானத்தின் மூக்கு இருக்கவேண்டும். ஒருபுறமும் திரும்பாமல் நேராகவே பறந்துபோனாலும், கிரீஸ் ஃபியோர்ட்டை அடையும்போது அதே மூக்கு 66 பாகையைக் காட்டும். விமானம் திரும்பவில்லை, வடக்கு என்பதே இடத்துக்கு இடம் திரும்பிவிட்டது. தீர்க்கரேகைகள் குவிவதன் மற்றொரு விளைவு இது. ஒரே பாகையைப் பிடித்துக்கொண்டு போகும் வழியைத் தேர்ந்தெடுத்தால் தூரம் எவ்வளவு கூடும் என்றும் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. பெருவட்டத்தால் மிச்சமாகும் தூரம் கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்குத்தான் பெரிது.

திசைகாட்டி பற்றிய ஐயம் மிகவும் நியாயமானது. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்த காந்த வடதுருவம், இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கனடாவின் வடபுலத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தது. அண்மைக் காலத்தில்தான் விரைந்து நகர்ந்து சைபீரியாவின் பக்கம் போயிருக்கிறது. காந்தத் துருவத்துக்கு அருகில் காந்த விசை தரைக்குள் செங்குத்தாக இறங்குவதால், முள்ளைப் பக்கவாட்டில் திருப்புவதற்கு விசை மிஞ்சுவதில்லை. ஆகவே கனடாவின் வடக்கு வான்பரப்பில் காந்த வடக்கைக் கைவிட்டு மெய்வடக்கையே பயன்படுத்துகிறார்கள். ஓடுபாதைகளின் எண்கள்கூட மெய்வடக்கின் கணக்கில்தான் இடப்பட்டிருக்கின்றன. இன்று ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்றாலும் திசைப்பிழை முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை. 2011 ஆகஸ்ட் 20 அன்று, ரெசொலூட்டில் தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றில் மோதி, அதிலிருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். திசை காட்டும் அமைப்பில் சேர்ந்த பிழையும் அந்த விபத்துக்கான காரணங்களில் ஒன்று என்று விசாரணையில் தெரியவந்தது.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): 385 கிலோமீட்டர் என்றால் ஜெட் விமானத்துக்கு அரை மணி நேரந்தானே? அங்குள்ளவர்கள் ஏன் இதைப் பெரிய பயணமாகப் பேசுகிறார்கள்?

பதில்: ஜெட் விமானம் அங்கே இறங்க முடிந்தால் நீங்கள் சொல்வது சரி. ரெசொலூட்டின் சரளைக்கல் ஓடுபாதை 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ளது. பெரிய விமானங்கள் இறங்கும். கிரீஸ் ஃபியோர்ட்டின் ஓடுபாதையோ, ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாக நெருக்கப்பட்ட இடத்தில், சுமார் அரைக் கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கிறது. அதில் இறங்கவும் ஏறவும் வல்லது ட்வின் ஆட்டர் என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம். 1965-இல் முதன்முதலாகப் பறந்த வடிவமைப்பு அது. அதிகம் போனால் 19 பேர் அமரலாம். சரக்கு ஏற்றினால் இருக்கைகளைக் கழற்றிவிடுவார்கள். சக்கரத்துக்குப் பதிலாகப் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டும் அது இறங்கும். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கடல் மைல், அதாவது 278 கிலோமீட்டர். காற்று அசையாத நாளில் 83 நிமிடப் பயணம். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் 97 நிமிடமாகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 73 நிமிடத்தில் போய்விடலாம்.

நிமிடங்கள் அங்கே பெரிய பிரச்சினை அல்ல, எரிபொருள்தான் பிரச்சினை. மலையடிவாரத்தில் மேகம் இறங்கிவிட்டால் கிரீஸ் ஃபியோர்ட்டில் இறங்க இயலாது. வந்த வழியே திரும்பவேண்டியதுதான். ஆகவே விமானி 385 கிலோமீட்டருக்கு அல்ல, குறைந்தது 770 கிலோமீட்டருக்கான எரிபொருளையும் அதற்கு மேல் கையிருப்பையும் ஏற்றிக்கொண்டு புறப்படவேண்டும். எரிபொருள் ஏற ஏறச் சரக்குக்கும் ஆளுக்கும் இடம் குறைகிறது. வழியில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் டெவன் தீவில் ஊர் ஏது? இதற்குமேல், நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை கிரீஸ் ஃபியோர்ட்டில் சூரியன் உதிப்பதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி கிரீஸ் ஃபியோர்ட்டின் மக்கள்தொகை 144, ரெசொலூட்டின் மக்கள்தொகை 183. இவ்வளவு சிறிய ஊர்களுக்கு நாள்தோறும் விமானம் விட முடியாது. ஒரு விமானம் பாதிவழியில் திரும்பினால் அடுத்த விமானம் வரும்வரை, தெற்கே மருத்துவமனைக்குப் போகவேண்டியவர் ஊரிலும், கடைக்கு வரவேண்டிய காய்கறி ரெசொலூட்டிலும் காத்திருக்கவேண்டும். ரெசொலூட்டை அடைந்த பிறகும் பிரதேசத் தலைநகரான இக்கலுயிட் ஏறத்தாழ 1,575 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

கேள்வி (மதுரை வாசகர்): கிரீஸ் ஃபியோர்ட்டுக்கு மிக அருகில் உள்ள விமான நிலையம் ரெசொலூட்தானா?

பதில்: இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. கனடாவுக்குள் பார்த்தால் ரெசொலூட்டும் ஆர்க்டிக் பே என்னும் ஊரும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்கின்றன. ஆர்க்டிக் பேயின் தூரம் 387 கிலோமீட்டர். ஆனால் கிழக்கே கடலைத் தாண்டிக் கிரீன்லாந்தில் இருக்கும் கானாக் 361 கிலோமீட்டர்தான். கிரீஸ் ஃபியோர்ட்டில் இருப்பவர்களைப் போலவே கானாக்கில் வாழ்பவர்களும் வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இனுயிட் மக்களே. பழங்காலத்தில் இனுயிட் முன்னோர் இந்த எல்ஸ்மியர் தீவின் வழியாகத்தான் கிரீன்லாந்துக்குள் போனார்கள். இன்று நடுவில் இரண்டு நாடுகளின் எல்லை கிடக்கிறது. கிரீஸ் ஃபியோர்ட்டிலிருந்து கானாக்குக்கு அன்றாடப் பயணியர் விமானம் இல்லை. அட்டவணைப்படி ஓடும் விமானங்களை மட்டும் நம்பிப் போகிறவர் முதலில் ரெசொலூட்டுக்கும் இக்கலுயிட்டுக்கும் தெற்கே இறங்கி, கடலைத் தாண்டி, மறுபடியும் வடக்கே ஏறவேண்டும். அந்தப் பயணத்தை இந்தப் பகுதியில் கிலோமீட்டரில் கணக்கிட்டுக் காட்ட நான் முயலப்போவதில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): இவ்வளவு தொலைவில், இவ்வளவு தனியாக, இந்த இரண்டு ஊர்களும் எப்படித் தோன்றின?

பதில்: ரெசொலூட்டில் 1947-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து வானிலை நிலையம் ஒன்றை அமைத்தன, ஓடுபாதை அதையொட்டி வந்தது. ஊர் என்று சொல்லும்படி மக்கள் குடியேறியது 1953-இல். அதுவும் அவர்களாக விரும்பி வந்த குடியேற்றம் அன்று. கியூபெக்கின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து இனுயிட் குடும்பங்களையும், குளிர்நிலத்துப் பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பதற்காகப் பாண்ட் இன்லெட்டிலிருந்து சில குடும்பங்களையும் கனடிய அரசு கப்பலேற்றி வடக்கே கொண்டுவந்தது. 1955-இல் இன்னும் சிலர் வந்தார்கள். வேட்டை வளமுள்ள இடம், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. வடதீவுகளின்மேல் கனடாவின் உரிமையை நிலைநாட்ட மனிதர்களைக் கொடிக்கம்பம்போல் நட்டுவைத்தார்கள் என்பது குடியேற்றப்பட்டவர்களின் குற்றச்சாட்டு. அதைப் பொய்யென்று தள்ள எனக்கு வழி தெரியவில்லை. இனுக்ஜுவாக்கிலிருந்து கிரீஸ் ஃபியோர்ட் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பிறந்த ஊரில் குளிர்காலத்திலும் நாள்தோறும் சூரியனைப் பார்த்தவர்கள், மூன்று மாத இருட்டுக்குள் கூடாரம் அடித்துக் குடியேறினார்கள். இனுயிட் மொழியில் ரெசொலூட்டுக்கு விடியல் இல்லாத இடம் என்றும், கிரீஸ் ஃபியோர்ட்டுக்கு ஒருபோதும் உருகாத இடம் என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன.

தாங்கள் எல்லாரும் கேட்ட 385 கிலோமீட்டர் இந்தக் கதைக்குள்தான் வருகிறது. கப்பலேறிய குடும்பங்கள், ஒரே இடத்தில் சேர்ந்திருக்கப் போகிறோம் என்றே நம்பியிருந்தன. தங்களைப் பிரித்து வெவ்வேறு தீவுகளில் இறக்கப் போகிறார்கள் என்பது பயணத்தின் நடுவில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களில் சிலர் ரெசொலூட்டிலும் சிலர் எல்ஸ்மியர் தீவிலும் இறக்கிவிடப்பட்டார்கள். இடையில் ஆளில்லாத டெவன் தீவும் உறைந்த கடலும் இருந்தன. கனடிய அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது 2010-இல். அதே ஆண்டு இரண்டு ஊர்களிலும் நினைவுச்சின்னங்கள் திறக்கப்பட்டன. கிரீஸ் ஃபியோர்ட்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய சிலையில் ஒரு பெண் தன் சிறுவனோடும் நாயோடும் நின்று ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். ரெசொலூட்டில் சிமியோனி அமகோவலிக் செதுக்கிய சிலையில் ஓர் ஆண் தனியாக நின்று கிரீஸ் ஃபியோர்ட் இருக்கும் திசையைப் பார்க்கிறான்.